ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கரும் எரியாமல் காக்கும் சுற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் வரும் கணக்குகள் எல்லாம் ஒரே ஆம்பிளிஃபயரை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை. கூட்டல் 40 வோல்ட், கழித்தல் 40 வோல்ட் என்ற இரட்டை மின்வழங்கி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 100 வாட். வெளியீட்டில் ஒரு ஜோடி பவர் டிரான்சிஸ்டர்கள். வால்வு (வெற்றிடக் குழாய்), கிளாஸ்-டி (டிரான்சிஸ்டர்களை அதிவேக சுவிட்சுகளாக ஓட்டும் வகை), கார் ஆம்பிளிஃபயர்கள் இதிலிருந்து எங்கே விலகுகின்றனவோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

சுவிட்சைப் போட்டு மூன்று நான்கு நொடி கழித்து உள்ளே ‘டிக்’ என்று கேட்கிறதே, அது என்ன?

ஸ்பீக்கர் ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கி ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச். சுவிட்சைப் போட்டதும் மின்வழங்கியின் கப்பாசிட்டர்கள் நிரம்பத் தொடங்குகின்றன. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிலையும் தன் இயல்பான வோல்ட்டேஜுக்கு வந்து சேர ஓரிரு நொடி ஆகிறது. அதுவரை வெளியீட்டு முனை மேலும் கீழும் அலையும். அப்போது ஸ்பீக்கர் இணைந்திருந்தால் ‘தொம்’ என்ற சத்தத்தோடு கூம்பு துள்ளும். எல்லாம் அடங்கிய பிறகே ரிலே ஸ்பீக்கரைச் சேர்க்கிறது.

அணைக்கும்போது நேர்மாறாக, ஒரு கணமும் தாமதிக்காமல் விட்டுவிட வேண்டும். பெரிய கப்பாசிட்டர்களில் மின்சாரம் மிச்சமிருக்கும்; இரு பக்கமும் சமமாக வடியாது; அந்த ஏற்றத்தாழ்வும் ஸ்பீக்கரில் உறுமும். அதனால் மின்மாற்றியிலிருந்து ஒரு டயோடு, ஒரு சிறிய கப்பாசிட்டர் வழியாக ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) வருகிறதா என்று மட்டும் தனியே கண்காணிக்கிறார்கள். ஏசி நின்றால் ரிலே உடனே விழுந்துவிடும், அதாவது ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும்.

பழுதானது ஆம்பிளிஃபயர். ஸ்பீக்கர் ஏன் எரிகிறது?

இரட்டை மின்வழங்கி உள்ள ஆம்பிளிஃபயரில் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை) தடுக்க எதுவுமே கிடையாது. இசை இல்லாதபோது அந்த முனை பூஜ்ய வோல்ட்டில் நிற்பது, மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் சமமாக இழுத்துப் பிடித்திருப்பதால்தான். பவர் டிரான்சிஸ்டர் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகிறது. மேலே இருப்பது ஷார்ட் ஆனால், முழு 40 வோல்ட் டிசியும் ஸ்பீக்கர் மீது வந்து நிற்கும்.

8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலை (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளை) மல்டிமீட்டரில் அளந்தால் 6 ஓம் அளவில் காட்டும். 40-ஐ 6-ஆல் வகுத்தால் 6.7 ஆம்பியர். வெப்பம் 267 வாட். கையில் இருப்பதோ 100 வாட் ஆம்பிளிஃபயர்! இசையில் அந்த 100 வாட் உச்சங்களில் கணநேரம் வந்து போவது. சராசரி 10 வாட் அளவில்தான் இருக்கும். இங்கே 267 வாட் இடைவெளியே இல்லாமல் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்றில் இறங்குகிறது. போதாக்குறைக்கு, கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அப்படியே நின்றுவிடுகிறது. அசையும்போதுதான் காயிலைச் சுற்றிக் காற்று ஓடும்; அது போயிற்று. காயிலின் ஒரு பகுதி காந்த இடைவெளியை விட்டு வெளியே வந்துவிடுவதால், பக்கத்து இரும்புக்கு வெப்பத்தைக் கொடுத்துவிடும் வழியும் குறைகிறது. பசை இளகிக் கம்பி அவிழ்ந்து கருகல் வாடை வருவதற்குச் சில நொடிகள் போதும். காகிதக் கூம்பு தீப்பற்றுவதும் உண்டு.

பாதுகாப்பு என்ற பெயரில் ஆம்பிளிஃபயருக்குள் எத்தனையோ சுற்றுகள் இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை உயிரோடு இருக்கும் ஆம்பிளிஃபயரைச் சாகாமல் காப்பவை. செத்துப்போன ஆம்பிளிஃபயரிடமிருந்து ஸ்பீக்கரைக் காப்பது இந்த டிசி தடுப்புதான். ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அது இதற்கே போக வேண்டும்.

பழைய ஆம்பிளிஃபயர்களில் ரிலே இல்லையே, அவை எப்படிச் சமாளித்தன?

அவற்றில் பலவற்றுக்கு ஒற்றை மின்வழங்கிதான். வெளியீட்டு முனை பாதி வோல்ட்டேஜில் நிற்கும். அங்கிருந்து 2200 மைக்ரோஃபாரட் போன்ற ஒரு பெரிய கப்பாசிட்டர் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகும். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலும் கப்பாசிட்டர் ஒரு முறை நிரம்பி ‘தொம்’ என்பதோடு சரி. டிசி அதைத் தாண்டாது. அசையும் உறுப்பு இல்லாத, கணிப்பு தேவைப்படாத தடுப்பு அது. இரட்டை மின்வழங்கி வந்ததும் அந்தக் கப்பாசிட்டரை எடுத்துவிட்டார்கள். தாழ்ந்த ஒலிகள் இன்னும் திருத்தமாக வந்தன. எடுத்த தடுப்புக்கு ஈடாகத்தான் ரிலே வந்தது.

வால்வு ஆம்பிளிஃபயரில் வெளியீட்டு மின்மாற்றி இருக்கிறது. டிசி மின்மாற்றியைத் தாண்டாது என்பதால் அங்கே இந்தக் கவலையே இல்லை.

இசைக்கு நடுவே டிசி வந்திருப்பதைச் சுற்று எப்படிக் கண்டுகொள்கிறது?

இசை எவ்வளவு உரத்திருந்தாலும் மேலே போன அளவு கீழேயும் வருகிறது, சராசரி பூஜ்யம். வெளியீட்டை ஒரு ரெசிஸ்டரும் ஒரு கப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி வழியாக அனுப்பினால் ஏற்ற இறக்கம் மறைந்து சராசரி மட்டும் மிஞ்சும். அது ஒரு வோல்ட் அளவைத் தாண்டினால், கூட்டலோ கழித்தலோ, ரிலேவை விடுவித்துவிட வேண்டும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. வடிகட்டி மிக வேகமாக இருந்தால் 20 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியையே டிசி என்று நினைத்து, பாட்டின் நடுவில் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். மிக மெதுவாக இருந்தால் காயில் கருகிய பிறகு விழித்துக்கொள்ளும். நல்ல வேளையாக, டிசி பெரிதாக இருந்தால் கப்பாசிட்டர் வேகமாக நிரம்பும். 40 வோல்ட் முழுதாக வந்தால் ஒரு நொடியில் சிறு பகுதிக்குள் ரிலே விழுந்துவிடும். ஆபத்து பெரிதாகும்போது வேகமும் கூடுவது இந்த எளிய சுற்றின் அழகு.

ஜப்பானிய ஆம்பிளிஃபயர்களைத் திறந்தால் ரிலேவுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் எட்டுக் கால்கள் உள்ள சிறிய ஐசி ஒன்று அடிக்கடி கண்ணில் படும். என்இசி நிறுவனத்தின் யுபிசி1237 அது. தொடக்கத் தாமதம், டிசி கண்டுபிடிப்பு, அதிக மின்னோட்ட எச்சரிக்கை, ஏசி போனதைக் கவனிப்பது, ரிலேவை ஓட்டுவது என்று நான்கைந்து வேலைகளை அது ஒன்றே பார்க்கிறது. இன்று தனியாக விற்கும் பாதுகாப்புப் பலகைகள் பலவற்றிலும் இருப்பது அதேதான்.

ரிலே இருந்தும் ஸ்பீக்கர் எரிந்ததைப் பார்த்திருக்கிறோமே?

பார்த்திருப்பீர்கள். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

ரிலேவின் உறையைப் பாருங்கள்: 10 ஆம்பியர், 250 வோல்ட் ஏசி என்று இருக்கும். அதற்குக் கீழேயே 10 ஆம்பியர், 30 வோல்ட் டிசி என்றும் இருக்கும். ஒரே ரிலே, ஒரே மின்னோட்டம். ஏசிக்கு 250, டிசிக்கு வெறும் 30. காரணம் தீப்பொறி வளைவு. தொடுமுனைகள் விலகும்போது நடுவில் பொறி பற்றிக்கொள்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அந்தப் பொறி தானாகவே அணைந்துவிடும். டிசிக்குப் பூஜ்யமே இல்லை. 40 வோல்ட், 6.7 ஆம்பியர் ஒரு சிறிய இடைவெளியில் பற்றிக்கொண்டால், ரிலே திறந்தே இருந்தாலும் மின்னோட்டம் நெருப்பு வழியாகத் தொடர்ந்து ஓடும். தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளவும் கூடும். ±40-இலேயே இந்த நிலை. ±70, ±80 வோல்ட் மேடை ஆம்பிளிஃபயர்களில் சாதாரண ரிலே ஒப்புக்கு வைத்ததுதான்.

இதற்கு ஒரு மலிவான வழி இருக்கிறது, ஆனால் பலர் செய்வதில்லை. ரிலேயில் அசையும் முனை, இயங்கும்போது தொடும் முனை, ஓய்வில் தொடும் முனை என்று மூன்று உண்டு. அசையும் முனையில் ஸ்பீக்கரையும், இயங்கும்போது தொடும் முனையில் ஆம்பிளிஃபயரையும் இணைத்து, மூன்றாவதைச் சும்மா விடாமல் மின்வழங்கியின் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். இப்போது ரிலே விழுந்தால் ஸ்பீக்கரின் இரு முனைகளும் ஒன்றாகிவிடுகின்றன. பொறி தொடர்ந்தாலும் மின்னோட்டம் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நேராக கிரவுண்டுக்குப் போகிறது. மின்வழங்கியின் ஃபியூஸ் போய்விடுகிறது. ரிலே வீணாகும், போகட்டும்.

வோல்ட்டேஜ் அதிகமென்றால் ரிலேவையே விட்டுவிட்டு, முதுகோடு முதுகாக வைத்த இரண்டு மாஸ்ஃபெட்டுகளை (சுவிட்ச் போல இயங்கும் டிரான்சிஸ்டர்களை) பயன்படுத்துவது இன்னும் நல்லது. பொறிக்கே இடமில்லை, தொடுமுனை கறுத்துப்போவதும் இல்லை. சில மேடை ஆம்பிளிஃபயர்கள் வேறு வழியில் போகின்றன: டிசி வந்தால் ஒரு டிரையாக் (மின்னணு சுவிட்ச்) வெளியீட்டையே ஷார்ட் செய்து ஃபியூஸை எரித்துவிடும். முரட்டு வைத்தியம்தான், ஆனால் ஸ்பீக்கர் பிழைத்துவிடும்.

இத்தனை எதற்கு, ஒரு ஃபியூஸ் போதாதா?

போதாது. ஸ்பீக்கரோடு தொடராக 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். 5 ஆம்பியர் ஃபியூஸ் 5 ஆம்பியரில் எரியாது, 6.7 ஆம்பியரைக்கூட நீண்ட நேரம் தாங்கும். அதற்குள் காயில் போய்விடும். இன்னும் சிறிய ஃபியூஸ் வைத்தால், நல்ல பாட்டின் உச்சத்திலேயே எரிந்து தொல்லை கொடுக்கும்.

கூட்டல், கழித்தல் வழங்கிகளில் வைக்கும் ஃபியூஸ்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒன்று மட்டும் எரிந்தால், மறுபக்கம் தனியாக இழுத்து வெளியீட்டை டிசிக்குக் கொண்டுபோய்விடும்! ஃபியூஸ் வீட்டைத் தீயிலிருந்து காக்கும், மின்மாற்றியைக் காக்கும். அதற்காக அது கட்டாயம் வேண்டும். ஸ்பீக்கரைக் காக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் என்ன நடக்கும்?

டிரான்சிஸ்டர் தாங்கும் அளவு அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை மட்டும் பொறுத்ததல்ல. அந்த நேரத்தில் அதன் குறுக்கே எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதும் சேர்த்துத்தான் கணக்கு. நம் ஆம்பிளிஃபயர் 8 ஓம் ரெசிஸ்டரை ஓட்டும்போது டிரான்சிஸ்டருக்கு மிகக் கடினமான கணம், வெளியீடு 20 வோல்ட்டில் இருக்கும்போது வருகிறது. குறுக்கே 20 வோல்ட், மின்னோட்டம் 2.5 ஆம்பியர், 50 வாட். முழு 40 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடினாலும் டிரான்சிஸ்டர் குறுக்கே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதற்கு அது ஓய்வு.

ஷார்ட் ஆனால் வெளியீடு பூஜ்யத்தில் சிக்கிக்கொள்கிறது. குறுக்கே முழு 40 வோல்ட். அதே 5 ஆம்பியருக்குக்கூட 200 வாட். ஷார்ட்டில் மின்னோட்டம் 5-உடன் நிற்கப்போவதும் இல்லை. டோஷிபாவின் 2எஸ்சி5200, அதன் இணை 2எஸ்ஏ1943 என்ற ஜோடியை எடுத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் தெரியும். நிறுவனத்தின் விவரத்தாளில் 150 வாட் என்று இருக்கிறது. ஆனால் அது உறை 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது. உறை 100 டிகிரிக்குப் போனால் மிஞ்சுவது 60 வாட். போலிகள் மலிந்த சந்தையில் அந்த 60-ஐயும் முழுதாக நம்ப முடியாது.

எனவே டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் சிறிய ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜைக் கவனிக்கிறார்கள். 0.22 ஓம் ரெசிஸ்டரில் 3 ஆம்பியர் ஓடினால் 0.66 வோல்ட்; ஒரு சிறிய டிரான்சிஸ்டரை விழிக்க வைக்க அது போதும். அது விழித்ததும் பவர் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு (அதைக் கட்டுப்படுத்தும் காலுக்கு) போகும் மின்னோட்டத்தைத் திருடிக்கொள்கிறது. வெறும் மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் 3 ஆம்பியருக்கு மேல் எப்போதுமே போகாது, 100 வாட்டும் கிடைக்காது. அதனால் இன்னொரு ரெசிஸ்டர் வழியாகக் குறுக்கே உள்ள வோல்ட்டேஜையும் அந்தச் சிறிய டிரான்சிஸ்டருக்குச் சொல்கிறார்கள். குறுக்கே வோல்ட்டேஜ் குறைவு என்றால் அதிக மின்னோட்டம் போகலாம். அதிகம் என்றால் சீக்கிரம் பிடித்து நிறுத்து. இதுதான் வி-ஐ லிமிட்டர்.

மில்லிநொடிக் கணக்கில் டிரான்சிஸ்டர் போய்விடும் என்பதால் இங்கே ரிலேவோ ஃபியூஸோ உதவாது. லிமிட்டர் முதலில் பிடித்து வைத்திருக்கும். ரிலே பிறகு வந்து துண்டிக்கும்.

லிமிட்டர் இருந்தால் ஒலி கெடும் என்கிறார்களே?

சரியாகக் கணக்கிட்ட லிமிட்டர் இசையின்போது தூங்கிக்கொண்டிருக்கும். கஞ்சத்தனமாகக் கணக்கிட்டதுதான் கெடுக்கும். ஸ்பீக்கர் ரெசிஸ்டர் அல்ல. காயிலுக்கு இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) உண்டு, கூம்புக்கு நிறை உண்டு, தாழ்ந்த ஒலியை உஃபருக்கும் உயர்ந்த ஒலியை டிவீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் கப்பாசிட்டர்கள் உண்டு. அதனால் வோல்ட்டேஜ் உச்சத்தில் இருக்கும்போதுதான் மின்னோட்டமும் உச்சத்தில் இருக்கும் என்ற உறுதி இல்லை. வெளியீடு பூஜ்யத்தைக் கடக்கும்போதே பெரிய மின்னோட்டம் கேட்கலாம். ஷார்ட் ஆனபோது இருந்த அதே நிலைமை. லிமிட்டருக்கு வித்தியாசம் தெரியாது. மட்டி ஓட்டாலா, பெர்ட்டி ஹுட்டுனன் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் விற்கும் ஸ்பீக்கர்களுக்குக் கடினமான அலைவடிவங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 8 ஓம் ரெசிஸ்டர் இழுப்பதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் மின்னோட்டம் கேட்கக்கூடும் என்று தெரிந்தது. அன்றாட இசையில் அவ்வளவு வராது. ஆனால் லிமிட்டரை 8 ஓம் ரெசிஸ்டரை வைத்து மட்டும் கணக்கிடக் கூடாது என்பதற்கு அது போதும்.

லிமிட்டர் திடீரென்று மின்னோட்டத்தை வெட்டினால், காயிலின் இண்டக்டன்ஸ் வோல்ட்டேஜை எதிர்ப்பக்கம் எகிற வைக்கும். ‘சுளீர்’ என்ற அந்தச் சத்தம் டிவீட்டருக்கு ஆகாது. வெளியீட்டிலிருந்து இரு வழங்கிகளுக்கும் தலைகீழாக ஒவ்வொரு டயோடு வைத்திருப்பது இதற்குத்தான். இரண்டு டயோடு, விலை சொற்பம். விட்டுவிடாதீர்கள்.

இதற்கெல்லாம் பதில், லிமிட்டரை நீக்குவதல்ல. டிரான்சிஸ்டர் ஜோடிகளைக் கூட்டி, லிமிட்டரின் எல்லையைத் தள்ளி வைப்பதுதான்.

சூட்டிலிருந்து எப்படிக் காக்கிறார்கள்?

இரண்டு வேறு சூடுகள் உள்ளன. ஒன்று, சும்மா இருக்கும்போதே ஓடும் மின்னோட்டம் தானாக ஏறிக்கொண்டே போவது. டிரான்சிஸ்டர் சூடானால் அதே பேஸ் வோல்ட்டேஜுக்கு அதிக மின்னோட்டம் விடும். அதனால் இன்னும் சூடாகும். அதனால் இன்னும் அதிகம் விடும். இதைத் தடுக்க, பயாஸ் (சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் வோல்ட்டேஜ்) கொடுக்கும் சிறிய டிரான்சிஸ்டரை, வெப்பத்தை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்க் மீதே பொருத்துகிறார்கள். சூடு ஏறினால் அதன் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் வீதம் குறையும், அதற்கேற்பப் பயாஸும் குறைந்துகொண்டே வரும். சொந்தமாகப் பொருத்துபவர்கள் சிலர் அதைப் பலகையிலேயே நிற்கவிட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தச் சுற்று இருந்தும் இல்லாததுதான்.

மற்றது, ஓட்டம் அதிகமானதால் வரும் சூடு. ஹீட் சிங்கில் ஒரு தெர்மோஸ்டாட் அல்லது தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்பத் தடை மாறும் உறுப்பு). 80, 90 டிகிரி அளவில் விசிறியை முடுக்கும், பிறகு ரிலேவை விடுவிக்கும். உணரி டிரான்சிஸ்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹீட் சிங்கின் ஒதுக்குப்புறத்தில் ஒட்டிய உணரிக்குச் செய்தி தாமதமாகத்தான் வரும்.

டிடிஏ7294, எல்எம்3886 போன்ற ஐசிகளில் எல்லாம் உள்ளேயே இருக்கிறதாமே?

நிறைய இருக்கிறது. சிலிக்கான் சில்லிலேயே வெப்ப உணரி இருப்பதால் தாமதமே இல்லை. எல்எம்3886 சுமார் 165 டிகிரியில் நின்று, 155-க்கு இறங்கியதும் மறுபடி தொடங்கும். டிடிஏ7294 சுமார் 145-இல் ஒலியை அடக்கி, 150-இல் முழுதாக நின்றுவிடும். ஷார்ட்டும் தாங்கும்.

ஆனால் ஐசியே செத்தால் அதற்குள் இருக்கும் பாதுகாப்பும் சேர்ந்தே சாகும். டிசி வெளியே வரத்தான் செய்யும். இவற்றுக்கும் வெளியே ரிலே வேண்டும்.

20 வாட் ஆம்பிளிஃபயர் 100 வாட் ஸ்பீக்கரை எரிக்குமா?

உஃபரை எரிக்காது. டிவீட்டரை எரிக்கலாம். இதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் தவறு: ‘கிளிப் ஆனால் (அலையின் உச்சி வெட்டுப்பட்டால்) டிசி வருகிறது’ என்பார்கள். மேலும் கீழும் சமமாக வெட்டுப்பட்ட அலையில் டிசி ஏது?

நடப்பது வேறு. இசையில் தாழ்ந்த ஒலிகள்தான் பெரும் பங்கு வோல்ட்டேஜை எடுத்துக்கொள்கின்றன. உயர்ந்த ஒலிகள் சிறியவை. ஒலியைக் கூட்டக் கூட்ட, தாழ்ந்த ஒலிகள் வழங்கியின் கூரையில் முட்டி நின்றுவிடும். உயர்ந்த ஒலிகள் நிற்காது, ஏறிக்கொண்டே இருக்கும். கேட்பவருக்கு ‘இன்னும் சத்தம் போதவில்லை’ என்று தோன்றும், இன்னும் திருப்புவார். இப்படி ஒட்டுமொத்தச் சராசரி ஏறுகிறது. முழுதும் சதுர அலையாகிவிட்டால் 20 வாட் ஆம்பிளிஃபயர் 40 வாட் வரை கொடுக்கும். அதில் வெட்டுப்பட்டதால் பிறந்த புதிய அதிர்வுகளும் டிவீட்டர் பக்கமே போகின்றன. 100 வாட் என்பது முழுப்பெட்டிக்கும், இசையின் இயல்பான பங்கீட்டை நம்பிப் போட்ட எண். உள்ளே இருக்கும் டிவீட்டர் தனியாகத் தொடர்ந்து தாங்குவது சில வாட்தான்.

பிஎம்பிஓ (கணநேர உச்சத் திறன்) என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் எண்களைப் பற்றிக் கேட்காதீர்கள். அவற்றுக்கும் மின்னியலுக்கும் தொடர்பில்லை.

இதற்கு ஆம்பிளிஃபயரில் வைக்கும் மருந்து கிளிப் லிமிட்டர். உள்ளே போன அலையும் வெளியே வந்த அலையும் ஒத்துப்போகவில்லை என்றால் வெட்டு தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே உள்ளீட்டைக் கொஞ்சம் தாழ்த்திவிடும். பீவி நிறுவனத்தின் டிடிடி இந்த வகைதான். மேடை ஆம்பிளிஃபயர் வாங்கும்போது இது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்து வைக்காதீர்கள்.

டிவீட்டருக்கென்று தனிப் பாதுகாப்பு உண்டா?

உண்டு, பெட்டிக்குள். சில கிராஸ்ஓவர்களில் டிவீட்டரோடு தொடராக ஒரு சிறிய இழை பல்பு இருக்கும். குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு. மின்னோட்டம் ஏறினால் இழை சூடாகித் தடை பல மடங்காகும். சத்தமாக வைத்தால் பெட்டியின் துவாரத்தில் மினுக்கென்று வெளிச்சம் தெரிவது அதுதான். பழுது என்று கழற்றிவிட வேண்டாம். பல்புக்குப் பதில், சூடானால் தடை கூடும் பாலிஸ்விட்சும் வைப்பதுண்டு.

கோவில் திருவிழாக்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அதற்கு எதிரி வேறு. கூம்புக்குப் பின்னால் இருக்கும் யூனிட்டின் மெல்லிய தகடு, கூம்பு தாங்கும் அதிர்வெண் வரைதான் காற்றின் அணைப்பில் இருக்கும். அதற்குக் கீழே, தோராயமாக 200, 300 ஹெர்ட்ஸுக்கு அடியில், தகட்டை எதிர்த்துத் தள்ளக் காற்று இல்லை. தகடு அளவுக்கு மீறி அசைந்து கிழிகிறது. மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் வாயால் ஊதுவதும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளே. மைக் செட் காரர்கள் பேச்சாளரிடமிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாகக் கத்துவதில் நியாயம் இருக்கிறது.

16 ஓம் யூனிட்டை நேரடியாக ஓட்டும்போது தொடராக 33 மைக்ரோஃபாரட் துருவமில்லாக் கப்பாசிட்டர் வைத்தால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறையத் தொடங்கும். 100 வோல்ட் லைனில் (நீண்ட வயருக்காக வோல்ட்டேஜை உயர்த்தி அனுப்பி, ஒலிபெருக்கியிடம் மின்மாற்றியால் இறக்கும் முறையில்) ஓட்டுபவர்கள் ஆம்பிளிஃபயரின் உள்ளீட்டிலேயே தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுவது மேல். லைன் மின்மாற்றியின் இரும்பு தாழ்ந்த ஒலியில் தெவிட்டிப்போகும், அதாவது மேற்கொண்டு காந்தமாக அதில் இடமிருக்காது. அப்போது அது ஆம்பிளிஃபயருக்கு ஷார்ட் போலத் தெரியும்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பிளிஃபயரை ஓட்டலாமா?

டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரை ஓட்டலாம், ஷார்ட்தான் கூடாது. வால்வு ஆம்பிளிஃபயரில் நிலைமை நேர் எதிர். ஸ்பீக்கர் இல்லாமல் இசையை உரக்க விட்டால் வெளியீட்டு மின்மாற்றியில் வோல்ட்டேஜ் எகிறி, உள்ளே காப்பு உடைந்துவிடும்.

கரண்ட் போய் உடனே வந்தால் ஆபத்தா?

பெரிய வளைய மின்மாற்றி உள்ள ஆம்பிளிஃபயரில் சுவிட்சைப் போடும் கணத்தில் இரும்பு தெவிட்டி, காலிக் கப்பாசிட்டர்களும் சேர்ந்து பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். அதை அடக்க 47 ஓம் போன்ற ரெசிஸ்டரைத் தொடராக வைத்து, ஒரு நொடி கழித்து ரிலேயால் அதைத் தாண்டவிடுகிறார்கள். 230 வோல்ட்டில் அதிகபட்சம் 5 ஆம்பியர் சராசரி அளவில்தான் இழுக்க முடியும். ரெசிஸ்டருக்குப் பதில், சூடானால் தடை குறையும் தெர்மிஸ்டர் மட்டும் வைத்த மலிவான அமைப்பில் குறை இருக்கிறது: ஓடும்போது அது சூடாகவே இருக்கும். கரண்ட் போய் இரண்டு நொடியில் வந்தால் அது இன்னும் ஆறியிருக்காது, தடுப்பும் இருக்காது. கரண்ட் போனால் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள்.

வோல்ட்டேஜ் ஏறுவதையும் நினைவில் வையுங்கள். 230 வோல்ட் 270 ஆனால் நம் 40 வோல்ட் 47 ஆகும். 50 வோல்ட் கப்பாசிட்டர் போட்டிருந்தால் விளிம்பில் நிற்கிறீர்கள். 63 வோல்ட் போடுங்கள்.

கிளாஸ்-டி, கார் ஆம்பிளிஃபயர்களில் என்ன வேறுபாடு?

கிளாஸ்-டி ஆம்பிளிஃபயரில் ஒவ்வொரு சுவிட்சிங் சுழற்சியிலும் மின்னோட்டத்தைப் பார்த்து, மைக்ரோநொடிகளில் அணைத்துவிடுகிறார்கள். டிசி வந்தால், கூடவே இருக்கும் சுவிட்சிங் மின்வழங்கியையே நிறுத்திவிடலாம், ரிலே தேவையில்லை. ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் ஒரு ஜோடி சுவிட்சுகள் ஓட்டும் அரைப் பாலம் வகையில் மட்டும் ஒரு விசித்திரம் உண்டு: தாழ்ந்த ஒலியின்போது ஆற்றல் எதிர்ப்பக்க வழங்கிக்குத் திரும்பிப் பாய்ந்து அதன் வோல்ட்டேஜை ஏற்றும். அதனால் அங்கே மிகை வோல்ட்டேஜ் காவலும் வேண்டும்.

பல கார் ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரு முனையிலும் ஏறத்தாழ 6 வோல்ட் நிற்கும். எதுவும் கிரவுண்ட் அல்ல. ஒரு முனை வண்டியின் உடலைத் தொட்டாலே, பாதுகாப்புச் சுற்று இயங்கியதைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு எரிந்துவிடும்.

புரொடெக்ட் விளக்கு எரிகிறது, ரிலே சேரவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில், ரிலேவை வயர் போட்டுத் தாண்டிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அந்த விளக்கு பெரும்பாலும் உண்மையைச் சொல்கிறது. தாண்டிய வயர் வழியாகத்தான் அந்த 267 வாட் போகும்.

ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு இயக்குங்கள். ரிலே சேர்ந்தால் கோளாறு வெளியே: வயரிலோ ஸ்பீக்கரிலோ, டெர்மினலில் பக்கத்து முனையைத் தொடும் ஒற்றைக் கம்பி இழையிலோ. அப்போதும் சேரவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். கப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது.

திறந்த பின் 230 வோல்ட் லைனில் தொடராக 60 அல்லது 100 வாட் இழை பல்பை வைத்து ஓட்டுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்தால் வெளியீட்டு டிரான்சிஸ்டரோ ரெக்டிஃபயரோ போயிருக்கிறது. அடுத்து, ரிலேவுக்கு முன்னால் வெளியீட்டு முனையில் டிசியை அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் ஆம்பிளிஃபயர் நலம்; பாதுகாப்புச் சுற்றே பழுது, பெரும்பாலும் தாமதத்துக்கான சிறிய எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் காய்ந்திருக்கும். பல வோல்ட் காட்டினால் முதலில் இரு வழங்கிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு ஃபியூஸ் மட்டும் போயிருந்தாலும் இப்படிக் காட்டும்.

இன்னொரு வகைக் கோளாறு புரொடெக்ட் விளக்கு இல்லாமலே வரும். ஒரு பக்க ஸ்பீக்கர் மெல்லிய ஒலியில் மறைந்து, ஒலியைக் கூட்டினால் திரும்பி வரும். அது ரிலேவின் தொடுமுனை கறுத்துப்போனது. சுத்தம் செய்வதைவிட மாற்றுவது நல்லது.

ரிலே இல்லாத ஆம்பிளிஃபயருக்கு வெளியே வாங்கிய பலகையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். நல்ல உஃபர் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் ஒற்றை மின்வழங்கியில் ஓடும் பாலம் வகை (ஸ்பீக்கரின் இரு முனையையும் தனித்தனி ஆம்பிளிஃபயர் ஓட்டும் வகை) ஆம்பிளிஃபயருக்கு அப்படியே பொருந்தாது. இரு முனையிலும் நிற்கும் பாதி வோல்ட்டைப் பலகை டிசி என்றே நினைக்கும். பலகைக்கு மின்மாற்றியின் தனி 12 வோல்ட் கம்பிச் சுற்றிலிருந்து மின்சாரம் கொடுங்கள். ரிலேவின் ஓய்வில் தொடும் முனை கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா என்று பலகையின் தடங்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் சேர்ந்திருக்காது, நீங்கள்தான் ஒரு வயர் போட வேண்டியிருக்கும்.

ஆம்பிளிஃபயரோடு இணைப்பதற்கு முன் சோதியுங்கள். பலகைக்கு மின்சாரம் கொடுத்து ரிலே சேர்ந்ததும், உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு பென்சில் பேட்டரிகளின் 3 வோல்ட்டைக் காட்டினால் ரிலே விழ வேண்டும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தாலும் விழ வேண்டும். ஒரு திசைக்கு மட்டும் விழும் பலகையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.